பில் போடாதவர்கள் யார்? முறைசாராப் பொருளாதாரம், வரி, ஏற்றத்தாழ்வு

கானா நாட்டில் 2022 மே 1 முதல் கைபேசி வழியாகப் பணம் அனுப்பினால் 1.5 சதவீதம் வரி என்று சட்டம் வந்தது. இ-லெவி என்று பெயர். மசோதா விவாதத்துக்கு வந்தபோதே, 2021 டிசம்பரில், நாடாளுமன்றத்துக்குள் உறுப்பினர்கள் அடித்துக்கொண்டார்கள். அரசு சொன்ன காரணம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பதிவில்லாத தொழில்களில் இருக்கிறார்கள். வருமான வரி கட்டுவோர் ஒரு சிறு கூட்டம். ஆனால் கைபேசிப் பணம் எல்லோரிடமும் இருக்கிறது. அங்கே ஒரு வரியைப் போட்டால் இதுவரை பிடிபடாதவர்கள் பிடிபடுவார்கள்.

நடந்தது வேறு. நிறையப் பேர் ரொக்கத்துக்குத் திரும்பினார்கள். எதிர்பார்த்த தொகையில் சிறு பகுதிதான் வசூலானது. 2023 ஜனவரியில் விகிதத்தை 1 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆட்சி மாறியது, 2025 ஏப்ரலில் வரியே ரத்தானது. உகாண்டா இதே பாடத்தை முன்பே படித்திருந்தது. 2018 ஜூலையில் கைபேசிப் பணப் பரிமாற்றத்துக்கு 1 சதவீத வரி போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும், அதே ஆண்டுக்குள் பணம் எடுக்கும்போது மட்டும் 0.5 சதவீதம் என்று சுருக்கிக்கொண்டது.

இந்த வரிகளின் அடியில் ஒரு சமன்பாடு இருக்கிறது: முறைசாராத் துறை என்றால் வரி கட்டாத துறை. வளரும் நாடுகளின் நிதி அமைச்சகங்களில் இது கேள்வி கேட்கப்படாத உண்மைபோல் உலவுகிறது. பாதிதான் உண்மை என்பது என் கருத்து. அந்த மறுபாதியைப் பார்க்காமல் போடப்படும் வரிகள், ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வை இன்னும் கூட்டிவிடுகின்றன.

ஒரே பெயர், பல ஆட்கள்

முறைசாராத் துறை என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததே கானாவிலிருந்துதான். மானுடவியலாளர் கீத் ஹார்ட் 1960களில் அக்ராவின் நிமா என்ற ஏழைக் குடியிருப்பில் ஆய்வு செய்தார். அரசுப் புள்ளிவிவரப்படி வேலையில்லாதவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்கள் அங்கே சும்மா இருக்கவில்லை. ஒரே ஆள் மூன்று நான்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1972இல் கென்யாவைப் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கை இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அதன்பிறகு உலகெங்கும் பரவியது. அந்த அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் வேலை செய்வோரில் 60 சதவீதத்துக்கு மேல், அதாவது சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இது 85 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆசிய-பசிபிக் பகுதியில் 68.

எண்ணிக்கை பெரியது என்பதாலேயே பணமும் அங்கே கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த 200 கோடிப் பேரில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள், கூலித் தொழிலாளர்கள், தெருவோர வியாபாரிகள், வீட்டு வேலை செய்பவர்கள், வீட்டிலிருந்தே துண்டுக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுக்கும் பெண்கள். இவர்களில் மிகப் பலருடைய வருமானம் எந்த நாட்டின் வருமான வரி வரம்பையும் எட்டாது. நாளையே எல்லோரையும் பதிவு செய்து, எல்லோரும் ஒழுங்காகக் கணக்குத் தாக்கல் செய்தாலும், சட்டப்படி கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யமாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே முறைசாராப் பொருளாதாரத்தில் இன்னொரு வகை ஆட்களும் உண்டு. மாலையில் சொந்த கிளினிக் நடத்தி ரொக்கமாக ஃபீஸ் வாங்கும் மருத்துவர். பத்து வீடுகளை வாடகைக்கு விட்டு ஒப்பந்தப் பத்திரம் எழுதாத உரிமையாளர். கணக்கில் பாதியை மட்டும் காட்டும் மொத்த வியாபாரி, கட்டட ஒப்பந்தக்காரர், வழக்கறிஞர். இவர்கள் பதிவு செய்தவர்களாகக்கூட இருப்பார்கள். வருமானத்தின் பெரும்பகுதிதான் பதிவுக்கு வெளியே இருக்கும். பேச்சு வழக்கில் இந்த இரு கூட்டமும் முறைசாரா என்ற ஒரே பைக்குள் போய்விடுகின்றன. கொள்கை வகுப்பவர் பையைக் கையில் எடுக்கும்போது மேலே தெரிவது தெருவோர வியாபாரிதான். அவர் தெருவில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் தெரிகிறார்.

உன் வருமானத்தை அரசுக்கு யார் சொல்கிறார்கள்?

வளர்ந்த நாடுகள் சராசரியாக உள்நாட்டு உற்பத்தியில் 34 சதவீதம் அளவுக்கு வரி வசூலிக்கின்றன. ஏழை நாடுகள் பலவற்றில் இது 10 முதல் 15 சதவீதம். வித்தியாசத்தில் பெரும்பங்கு தனிநபர் வருமான வரியிலும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பிலும் இருக்கிறது. இதற்கு ஊழல், நேர்மையின்மை, வரி கட்டும் பண்பாடு இல்லாமை என்று பல காரணங்கள் சொல்வார்கள். பண்பாட்டுக் காரணம் எனக்கு எப்போதும் சந்தேகத்துக்குரியது. டென்மார்க்கில் 40,000க்கும் மேற்பட்ட வரி செலுத்துவோரின் கணக்குகளைத் தணிக்கை செய்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2011இல் வெளியானது. முதலாளியோ வங்கியோ நேரடியாக அரசுக்குத் தெரிவித்துவிடும் வருமானத்தில் ஏய்ப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தானே சொன்னால்தான் உண்டு என்ற வகை வருமானத்தில் அதே டேனிஷ்காரர்கள் தாராளமாக ஏய்த்திருந்தார்கள். நேர்மைக்குப் பேர்போன நாட்டிலும், மூன்றாவது ஆள் ஒருவர் காட்டிக்கொடுக்கும் இடத்தில்தான் வரி ஒழுங்காக வருகிறது.

சம்பளக்காரருக்கு அந்த மூன்றாவது ஆள் அவருடைய நிறுவனம். சம்பளம் கைக்கு வருமுன் பிடித்தம் முடிந்துவிடுகிறது. சுயதொழில் செய்பவருக்கு அப்படி யாரும் இல்லை. ஆண்டர்ஸ் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் 100 நாடுகளின் குடும்ப ஆய்வுத் தரவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நாட்டில் சுயதொழிலிலிருந்து சம்பள வேலைக்கு மக்கள் நகர நகர, வருமான வரி வரம்பு வருமான ஏணியில் கீழே இறங்குகிறது, வரியும் கூடுகிறது. ஏழை நாடுகளில் ஏணியின் உச்சிக்கு அருகில் மட்டும்தான் சம்பளக்காரர்கள் அதிகம். அதனால் வரம்பும் உச்சியிலேயே நிற்கிறது. வசூலிக்க முடிந்த இடத்தில்தான் அரசு கோடு போடுகிறது என்று அர்த்தம்.

காட்டிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் ஆளை உண்டாக்குவதற்காக வந்ததுதான் மதிப்புக் கூட்டு வரி. 1954இல் பிரான்ஸ் தொடங்கியது. இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. இதன் இயக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முறைசாராக் கடைக்காரர் வரி கட்டுவதில்லை என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது. விகிதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நூல் தயாரிப்பவர் 100க்கு விற்று 10 வரி வாங்கி அரசுக்குக் கட்டுகிறார். துணி தயாரிப்பவர் 200க்கு விற்று 20 வாங்குகிறார். நூலுக்குத் தான் கொடுத்த 10ஐக் கழித்துக்கொண்டு மீதி 10ஐக் கட்டுகிறார். அப்படிக் கழிக்க வேண்டுமானால் நூல்காரரின் பில் அவர் கையில் இருக்க வேண்டும். ஆகவே அவரே பில் கேட்டு வாங்குவார். நூல்காரர் விற்பனையை மறைக்க முடியாது. கடைசியில் சில்லறைக் கடைக்காரர் 300க்கு விற்று 30 வாங்குகிறார். 20ஐக் கழித்து 10 கட்டுகிறார்.

சங்கிலி அறுகிற இடம் கடைசிக் கண்ணி. வாங்குபவர் எதையும் கழிக்கப்போவதில்லை, அவருக்கு பில்லால் பயனில்லை. பில் வேண்டாமென்றால் 300க்கே தருகிறேன் என்கிறார் கடைக்காரர். இருவருக்கும் சந்தோஷம். அரசுக்கு எவ்வளவு நட்டம்? 30 அல்ல, 10 மட்டுமே. முந்தைய கண்ணிகளில் 20 ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. பதிவே இல்லாத கடைக்காரரால் அந்த 20ஐக் கழிக்கவும் முடியாது. அது அவர் கொள்முதல் விலையிலேயே ஊறிக் கிடக்கிறது. வரி வலைக்கு வெளியே இருப்பதாக நாம் சொல்லும் அந்தக் கடைக்காரர், மூன்றில் இரண்டு பங்கு வரியைச் சுமந்துகொண்டுதான் வெளியே நிற்கிறார்.

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு அல்ல. சிலியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, உங்கள் கணக்கைத் தணிக்கை செய்யலாம் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி டினா பொமெரன்ஸ் ஒரு சோதனை நடத்தினார். கடிதத்தைப் பார்த்து நிறுவனங்கள் திடீரென்று அதிகம் காட்டிய விற்பனை பெரும்பாலும் கடைசி வாடிக்கையாளருக்கான விற்பனை. நிறுவனத்துக்கு நிறுவனம் நடந்த விற்பனை முன்பே ஒழுங்காக இருந்தது, ஏனென்றால் அங்கே பில் இருந்தது. பிரேசிலின் சாவோ பாலோ மாநிலம் 2007இல் இந்தக் கடைசி ஓட்டையை வாடிக்கையாளரைக் கொண்டே அடைத்தது. கல்லாவில் பில் போடும்போது தன் அடையாள எண்ணைச் சொன்னால் அந்த வரியில் ஒரு பகுதி அவருக்கே திரும்ப வரும். மாதாமாதம் குலுக்கலும் உண்டு. கடை பில்லைப் பதிவேற்றியதா என்று இணையத்தில் பார்த்துப் புகாரும் கொடுக்கலாம். சில்லறை வணிகம் காட்டிய விற்பனை நான்காண்டுகளில் 20 சதவீதத்துக்கு மேல் கூடியது.

ரசீதுப் புத்தகத்துடன் வரும் அரசு

அடுத்து, முறைசாராத் தொழிலாளி நேரடியாகக் கொடுப்பது. அக்ராவிலோ கம்பாலாவிலோ சந்தையில் தட்டு விரித்திருப்பவரிடம் நகராட்சி ஆள் அன்றாடம் ரசீதுப் புத்தகத்துடன் வருகிறார். சந்தைக் கட்டணம் ஒன்று, உரிமக் கட்டணம் ஒன்று, கழிப்பறைக்குத் தனி, குப்பைக்குத் தனி. கானாவில் இதற்கு மேல், சிறு தொழில்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கி வைக்க வேண்டிய வரி முத்திரை ஒன்றும் 2005 முதல் உண்டு. இவை எல்லாம் நிலையான தொகைகள். அன்றைக்கு ஒன்றுமே விற்காவிட்டாலும் அதே தொகை. பக்கத்து ஆள் பத்து மடங்கு விற்றாலும் அதே தொகை. வருமானத்துக்கு விகிதமாகப் பார்த்தால் மிகக் கீழே இருப்பவர் கொடுப்பதுதான் அதிகம். போலீசுக்குப் போகும் மாமூலை இதில் சேர்க்கவில்லை. அது எந்தக் கணக்கிலும் வராது.

தேசிய வருவாய் ஆணையத்தின் புள்ளிவிவரத்தில் இந்தக் கட்டணங்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. உள்ளாட்சியின் பதிவேட்டில் ஒரு வரியாக இருந்தால் அதிகம். கிராமங்களில் நிலைமை இன்னும் மங்கல். பெஞ்சமின் ஓல்கன், மோனிகா சிங்கால் இருவரும் 10 வளரும் நாடுகளின் தரவுகளைக் கொண்டு, சாலை போட, பள்ளிக்கூடம் கட்ட, கிணறு வெட்ட ஊர்மக்கள் பணமாகவும் உடல் உழைப்பாகவும் கொடுப்பதைக் கணக்கிட்டார்கள். வசதியானவர்கள் தொகையில் அதிகம் கொடுக்கிறார்கள், வருமான விகிதத்தில் குறைவாகக் கொடுக்கிறார்கள். அரசு போடும் வரியைவிட இந்த ஊர் வரி ஏழைகள்மேல் அதிகமாகச் சாய்ந்திருந்தது. கென்யாவின் ஹராம்பே, இந்தோனேசியாவின் கோட்டோங் ரோயோங் போன்ற கூட்டுழைப்பு மரபுகளை எல்லோரும் பெருமையோடு பேசுவார்கள். பெருமைக்குரியவைதான். கூடவே, பணக்கார நாட்டுக் குடிமகன் வரியால் பெறுவதை ஏழை நாட்டுக் குடிமகன் மண்வெட்டி பிடித்துப் பெறுகிறான் என்பதும் சேர்ந்தே வருகிறது.

சந்தைப் பெண்கள் வரி ஆளைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஆப்பிரிக்காவில் காலனி அரசுகள் வீட்டுக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டதன் நோக்கம் வருவாய் மட்டும் அல்ல. காசாகக் கட்ட வேண்டும் என்பதால் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ஆள் கிடைக்கும். சியரா லியோனில் 1898இல் குடிசை வரிக்கு எதிராகப் போரே மூண்டது. தென்கிழக்கு நைஜீரியாவில் 1929இல் பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சு பரவி, ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். 50க்கும் மேற்பட்டவர்களை பிரிட்டிஷ் படைகள் சுட்டுக் கொன்றன. விடுதலைக்குப் பின் வந்த அரசுகள் ரசீதுப் புத்தகத்தை மட்டும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டன.

சரி, இவ்வளவையும் கூட்டினால் வரி ஏழைகளை அதிகம் அடிக்கிறதா, பணக்காரர்களையா? இங்கே ஒரு முடிவு என்னை யோசிக்க வைத்தது. பொருள்மீதான வரி ஏழைகளுக்கு எதிரானது என்பது இடதுசாரி மேடைகளில் மட்டுமல்ல, பல பாடநூல்களிலும் முடிந்துபோன விஷயம். பியர் பஷாஸ், லூசி கடென், ஆண்டர்ஸ் ஜென்சன் மூவரும் 32 வளரும் நாடுகளில், எந்தக் குடும்பம் எந்த வகைக் கடையில் வாங்குகிறது என்று பார்த்தார்கள். ஏழைகள் செலவழிப்பதில் பெரும்பகுதி சந்தை, தெருக்கடை, பக்கத்து வீடு என்று பதிவில்லாத இடங்களுக்குப் போகிறது. வருமானம் உயர உயர சூப்பர் மார்க்கெட் பக்கம் செலவு நகர்கிறது. ஆகவே நடைமுறையில் பொருள் வரி பணக்காரர்மேல்தான் அதிக விகிதத்தில் விழுகிறது. நாம் முன்னே பார்த்த, கொள்முதல் விலையில் ஊறிய வரி இந்தச் சாய்வைக் கொஞ்சம் குறைக்கும். ஆனாலும் ஏழைக்காக உணவுக்கு வரிவிலக்கு என்னும் சலுகையின் பலன் பெரிய கடையில் வாங்குபவருக்கே அதிகம் போகிறது.

அப்படியானால் ஏழைகள் தப்பித்தார்களா? அதுவும் இல்லை. நோரா லஸ்டிக் தலைமையிலான ஆய்வுக் குழுவின் முறைப்படி நாடு நாடாகக் கணக்கிட்டபோது, எத்தியோப்பியா, தான்சானியா போன்ற நாடுகளில் வரிகளையும் அரசு கொடுக்கும் ரொக்க உதவிகளையும் சேர்த்துப் பார்த்தால், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. பள்ளி, மருத்துவமனை போன்ற சேவைகளின் மதிப்பு இதில் சேராது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஏழையிடமிருந்து போகும் வரி விகிதம் குறைவு. அவனுக்குக் கையில் திரும்பி வருவது அதைவிடக் குறைவு. சர்வதேச நாணய நிதியத்தின் 2017ஆம் ஆண்டுக் கணக்குப்படி வளர்ந்த நாடுகளில் வரியும் உதவித்தொகையும் சேர்ந்து வருமான ஏற்றத்தாழ்வை மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன. அந்த வேலையில் பெரும்பங்கு உதவித்தொகையுடையது. வளரும் நாடுகளில் கொடுக்கும் கை சிறியது. அதனால்தான் எந்த வரி ஏழைக்கு நல்லது என்ற விவாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசுவதில் பெரிய பயன் இல்லை.

பதிவு செய்தால் சரியாகிவிடுமா?

1980களில் பெரு நாட்டுப் பொருளாதார ஆய்வாளர் எர்னாண்டோ டி சோட்டோவின் குழு, லிமாவில் ஒரு சின்னத் தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்ய முயன்று பார்த்தது. 289 நாள் ஆனது. இந்தக் கணக்கு உலகப் புகழ் பெற்றது. பதிவைச் சுலபமாக்கினால் மக்கள் தாமாக உள்ளே வருவார்கள் என்பது அடுத்த இரண்டு தலைமுறைச் சீர்திருத்தங்களின் மந்திரமானது.

இலங்கையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பதிவில்லாத சிறு தொழில் நடத்துவோரிடம் போய் பதிவு முறையை விளக்கி, பதிவுச் செலவையும் தருகிறோம் என்றார்கள். யாரும் அசையவில்லை. ஒரு மாத லாபத்துக்குள் ஒரு தொகையைக் கையில் கொடுத்தபோது ஐந்தில் ஒருவர் பதிந்தார். இரண்டு மாத லாபம் தருகிறோம் என்றபோது ஏறக்குறையப் பாதிப் பேர். பதியாதவர்களில் பலருக்கு இருக்கும் இடத்துக்கான பத்திரம் சரியாக இல்லை என்பதுதான் தடை. பதிந்தவர்களுக்கும் பிறகு பெரிய லாபம் எதுவும் கிட்டவில்லை. சிலருக்கு மட்டும் தொழில் வளர்ந்தது. தொழில்காரர்கள் கணக்குத் தெரியாமல் வெளியே நிற்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நிற்கிறார்கள்.

பிரேசில் 2008இல் சட்டமாக்கிய தனிநபர் சிறுதொழில் திட்டம் வேறு வழியில் போனது. மாதம் ஒரே ஒரு கட்டணம்; அதில் மிகப் பெரும்பகுதி குறைந்தபட்ச ஊதியத்தின் 5 சதவீதம், அதுவும் சமூகக் காப்பீட்டுக்கு. பதிலுக்கு ஓய்வூதியம், நோய்க்கால உதவி, பேறுகால உதவி. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். இதிலும் ஓட்டை உண்டு: ஊழியராக வைக்க வேண்டியவரைத் தனித் தொழில்காரராகப் பதிந்துகொள் என்று சொல்லும் நிறுவனங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. வருவாயைப் பார்த்தால் அரசுக்கு அற்பம். வருவாய்க்காக அல்லாமல் பாதுகாப்புக்காகப் பதிவு செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டால்தான் இந்தத் திட்டத்துக்குப் பொருள் இருக்கிறது. பல நாடுகளில் வரித் துறையின் சாதனை பதிந்தவர் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. ருவாண்டாவில் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனங்களில் பெருந்தொகையானவை பூஜ்யம் என்று எழுதிக் கொடுக்கின்றன. பதிவேடு தடிக்கிறது, கல்லா அப்படியே இருக்கிறது.

ரொக்கத்தை ஒழித்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும் என்ற நம்பிக்கை பொய்த்ததற்கு இந்தியாவே சாட்சி. 2016 நவம்பர் 8இல் புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் செல்லாது என்றானது. வங்கிக்குத் திரும்பியது 99.3 சதவீதம் என்று ரிசர்வ் வங்கியே 2018இல் சொன்னது. கறுப்புப் பணம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அதை நோட்டாக வைத்திருக்கவில்லை. நோட்டாகவே வாழ்ந்துகொண்டிருந்த தினக்கூலிகளும் சிறு வியாபாரிகளும்தான் மாதக்கணக்கில் திண்டாடினார்கள்.

மேலே பார்ப்பது

உகாண்டாவில் ஓர் ஆய்வுக் குழு வருவாய் ஆணையத்தின் தரவுகளுடன் உட்கார்ந்து, சொத்தும் தொழிலும் உள்ளவர்கள் என்று ஊருக்கே தெரிந்த 71 உயர் அரசு அதிகாரிகளை எடுத்துப் பார்த்தது. ஹோட்டல், தனியார் பள்ளி, ஊடகம் என்று தொழில் வைத்திருந்தவர்கள். தனிநபர் வருமான வரி கட்டியவர் ஒருவர். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய தொழில்நுட்பம் தேவைப்படவில்லை; நிலப் பதிவையும் நிறுவனப் பதிவையும் வரிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அதன்பிறகு பெரும் செல்வந்தர்களுக்கென்றே வரித் துறையில் தனிப் பிரிவு ஏற்பட்டது. சில அதிகாரிகள் மட்டும் உள்ள பிரிவு. தெருவோர வியாபாரிகளைத் துரத்தும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

சொத்து வரி இன்னும் நேரடியான வாய்ப்பு. வருமானத்தை ஒளிக்கலாம், மாடி வீட்டை ஒளிக்க முடியாது. சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் பழைய முறை பரப்பளவை வைத்து வரி போட்டது. தகரக் கொட்டகையும் மாளிகையும் ஒரே அளவு இடத்தில் இருந்தால் கிட்டத்தட்ட ஒரே வரி. மேயர் இவோன் அகி-சாயரின் நிர்வாகம் 2019-20இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கட்டடங்களை எண்ணியது. பட்டியல் 57,000இலிருந்து 1,20,000க்கு ஏறியது. கூரை என்ன, சுவர் என்ன, தெரு எப்படி என்று வெளியிலிருந்து பார்த்தே மதிப்பெண் போட்டார்கள். மேல்தட்டுச் சொத்துகளின் வரி பல மடங்கு ஏறியது, அடிமட்டத்தில் இறங்கியது. சாதாரண எழுத்தர்களும் ஒரு படிவமும் செய்த வேலை.

இவ்வளவு சுலபம் என்றால் ஏன் எல்லோரும் செய்வதில்லை என்று கேட்டால், நிகோலஸ் கால்டரின் கதையைச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர். 1956இல் இந்திய அரசு அழைத்து வந்தது. சொத்து வரி, செலவு வரி, நன்கொடை வரி என்று பணக்காரர்களை நாலு பக்கமும் மடக்கும் திட்டத்தைக் கொடுத்தார். 1957இல் இந்தியாவும், அடுத்துச் சிலோனும் செலவு வரியைக் கொண்டுவந்தன. இந்தியாவில் 1962இல் ரத்து, 1964இல் மறுபடி, 1966இல் ஒரேயடியாக ரத்து. வாரிசுச் சொத்து வரி 1985இல் போனது, செல்வ வரி 2015 பட்ஜெட்டில் போனது. கால்டர் ஆலோசனை சொன்ன கானாவில் 1961 பட்ஜெட்டுக்குப் பின் வேலைநிறுத்தம். அவர் ஆலோசனையில் பட்ஜெட் போட்ட பிரிட்டிஷ் கயானாவில் 1962 பிப்ரவரி 16 அன்று தலைநகரின் வணிகப் பகுதியே எரிந்தது. எதிர்த்தவர்கள் பணக்காரர்கள் மட்டும் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கானாவில் ரயில்வே தொழிலாளர்கள் கொதித்தது தங்கள் சம்பளத்திலிருந்து கட்டாயச் சேமிப்பாகப் பிடித்த 5 சதவீதத்துக்காக. மேலே வரி போடும் திட்டத்தோடு, சுலபமாகப் பிடிக்க முடிந்த சம்பளக்காரரின் பையிலும் கைவைத்தார்கள். மேலே உள்ள வரி சாகும்போது தெருவில் நின்றவர்களும் அதற்காக அழவில்லை.

மேல்தட்டு வரியைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் 2019ஐ விடக் கொடிய உதாரணம் சமீபத்தில் இல்லை. மதிப்புக் கூட்டு வரி 15இலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. அதற்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்றுமுதல் வரம்பு 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடிக்குத் தாவியது. சம்பளத்தில் கட்டாயப் பிடித்தம் நின்றது. அதாவது சங்கிலியின் நடுக்கண்ணிகளையும் மூன்றாவது ஆளையும் அரசே கழற்றி எறிந்தது. 2021இல் வரி வருவாய் உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவிப்பு. 2024 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதம், விலைவாசியில் ஏற்கெனவே நொறுங்கியிருந்த எல்லோர்மேலும். கென்யாவில் அதே ஆண்டு ஜூனில் ரொட்டிக்கும் 16 சதவீதம் என்று மசோதா வந்து, அந்தப் பிரிவைக் கைவிட்ட பிறகும் இளைஞர்கள் அடங்கவில்லை. 25ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள், மறுநாள் மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்றார் அதிபர். கடன் வட்டி கட்ட வழி தேடும் அரசு சுலபமான பையைத் தேடுகிறது. சுலபமான பைகள் எல்லாம் ஏற்கெனவே காலியாகிவிட்டன.

உள்ளூர்ச் செல்வந்தர் பணத்தை வெளியே கொண்டுபோகும்போது நிலப்பதிவும் வரிப்பதிவும் ஒப்பிட்டுப் பயனில்லை. அங்கே மூன்றாவது ஆள் வெளிநாட்டு வங்கி. வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தானாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு 2017இல் தொடங்கி, இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் அதில் இருக்கின்றன. ஆனால் தகவல் பெற விரும்பும் நாடு அதே வடிவத்தில் தகவல் அனுப்பவும் வேண்டும். அதற்கான அமைப்பைக் கட்ட முடியாத ஏழை நாடுகள் பல வாசலிலேயே நிற்கின்றன. வெளிநாட்டவர் யாரும் வந்து கணக்குத் தொடங்காத நாடுகளிலிருந்து அனுப்புவதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. சர்வதேச வரி விதிகளைப் பணக்கார நாடுகளின் அமைப்பிலிருந்து ஐ.நா.வுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் வற்புறுத்தி வந்தன. 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஓர் உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தை வரையறையை ஏற்றது. பெரும் செல்வந்தர்களின் வரி ஏய்ப்பும் அதில் ஒரு பொருள். 2025 பிப்ரவரியில் அமெரிக்கா வெளிநடப்புச் செய்தது. மற்றவர்கள் 2027க்குள் முடிப்பதாகச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.